இதயம் தளரும் நேரம்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துபவனுக்கு நோயாளிகள் கிடையாது, உறவினர்கள் உண்டு. குடும்பத்தில் யார் இதயத்துக்கு எக்கோ என்ற ஒலியலைப் பரிசோதனை எடுத்தாலும் அறிக்கை முதலில் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும், பின்னாலேயே தொலைபேசி அழைப்பும் வரும். அண்மையில் அப்படி அழைத்த அத்தைக்கு வயது 68. "தம்பி, அறுபத்திரண்டு சதவீதம்தான் வேலை செய்யுதுன்னு போட்டிருக்காங்க. மீதி முப்பத்தெட்டு என்னடா ஆச்சு?" என்றார்.

எந்தத் தாளில் சதவீதத்தைப் பார்த்தாலும் அதைத் தேர்வு மதிப்பெண்ணாகவே படித்துப் பழகிவிட்டோம், ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. இதயத்தின் இடது கீழறை நன்றாக நிரம்பியிருக்கும்போது அதில் ஏறத்தாழ 130 மில்லி இரத்தம் இருக்கிறது. ஒரு துடிப்பில் அதிலிருந்து 80 மில்லி பெருந்தமனிக்குள் தள்ளப்பட்டால், அறிக்கையில் 62 சதவீதம் என்று வரும். எஞ்சிய 50 மில்லி அறைக்குள்ளேயே தங்கி அடுத்த துடிப்பில் சேர்ந்துகொள்ளும். நலமாக இருக்கும் எந்த இதயமும் நூறு சதவீதத்தை வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் அது இயல்பு. இதைச் சொன்னதும் அத்தைக்கு நிம்மதி வந்துவிட்டது. அதற்கு அடுத்த வரியில் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று இருந்ததை அவர் கேட்கவில்லை, நானும் அந்த அழைப்பில் விளக்கவில்லை. ஆனால் உடலியங்கியல் படித்தவனுக்கு அந்த அறிக்கையிலேயே சுவையான வரி அதுதான். முதல் வரி இதயம் எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்பதைச் சொல்கிறது; இரண்டாவது வரி அது எவ்வளவு நன்றாகத் தளர்கிறது என்பதைச் சொல்கிறது.

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி ஆகிறது. அதில் கீழறைகள் சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.27 நொடி, தளர்ந்திருப்பது 0.53 நொடி. நாள் முழுவதும் அதே வேகத்தில் துடிப்பதாகக் கணக்கிட்டால், 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 16 மணி நேரம் கீழறைகள் தளர்ந்த நிலையில்தான் இருக்கின்றன. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் இதைக் காதாலேயே அறியலாம். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது முதல் ஒலியும், பெருந்தமனி, நுரையீரல் தமனி ஆகியவற்றின் வாயிலுள்ள வால்வுகள் மூடும்போது இரண்டாம் ஒலியும் எழுகின்றன. முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளிதான் சுருக்கம். இரண்டாம் ஒலியிலிருந்து அடுத்த துடிப்பின் முதல் ஒலி வரை நீள்வது தளர்வு. நிமிடத்துக்கு 200 என்று வேகம் கூடும்போது சுருக்கம் 0.16 நொடியாகவும் தளர்வு 0.14 நொடியாகவும் குறைகின்றன. சுருக்கம் தன் நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே இழக்கிறது, தளர்வோ முக்கால் பங்கை இழந்துவிடுகிறது. இதயம் வேகமெடுக்கும்போது நேரத்தை அதிகம் விட்டுக்கொடுப்பது எப்போதும் தளர்வுதான். இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் இதய நோய்களில் பாதி தானாகவே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்ளும் தளர்வு, பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் ஒரு வெற்றிடமாகவே இருந்தது. அதற்கு ஒரு வகையில், இரத்தச் சுழற்சியை நிறுவிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி காரணம். அவருக்கு முன் பதினான்கு நூற்றாண்டுகள் கோலோச்சிய, காலன் (Galen) என்ற பண்டைய கிரேக்க மருத்துவரின் மரபில், இதயம் விரிவதுதான் அதன் வினை என்றும், அப்படி விரிந்து இரத்தத்தை உள்ளே இழுக்கிறது என்றும் நம்பினார்கள். ஹார்வி அதைத் தலைகீழாக்கினார். துடிக்கும் இதயத்தைப் பார்த்துப் பார்த்து, எது சுருக்கம், எது விரிவு என்று பிரித்தறிய முடியாமல், இதயத்தின் அசைவைக் கடவுள் மட்டுமே அறிவார் போலும் என்று சலித்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு தவளை, பாம்பு போன்ற குளிர்இரத்தப் பிராணிகளிலும், சாகும் தறுவாயில் இதயம் மெதுவாகிவிட்ட விலங்குகளிலும் அதைக் கவனித்தார். இதயம் இறுகி, வெளிறி, மார்புச் சுவரில் மோதுவது சுருங்கும்போதுதான் என்பது அங்கே தெளிவாயிற்று. 1628இல் வெளியான அவருடைய நூலோடு, சுருக்கமே இதயத்தின் வேலை என்பது உறுதியாயிற்று. இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. ஆனால் அந்த வெற்றியின் நிழலில், தளர்வு என்பது தசை பிடியை விட்டவுடன் தானாக நிகழும் ஒன்று என்ற எண்ணமும் நிலைத்துவிட்டது.

தானாக நிகழ்வதில்லை என்பதை நாங்கள் மாணவர்களாக இருந்தபோது தவளையின் இதயத்தில் கண்ணால் பார்த்தோம். வழவழப்பான தாளை உருளையில் சுற்றி, சுடரில் காட்டிக் கரும்புகை ஏற்றி, தவளை இதயத்தின் நுனியில் மாட்டிய கொக்கியின் மறுமுனையிலுள்ள நெம்புகோலை அந்தத் தாளில் மெல்லத் தொட வைப்போம். உருளை சுழலச் சுழல, கரியைச் சுரண்டிக்கொண்டு வெள்ளைக் கோடு ஏறியிறங்கும்: ஏறினால் சுருக்கம், இறங்கினால் தளர்வு. இதயத்தின் மேல் கால்சியம் குளோரைடு கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டால் கோடு உயர உயர எழும்பும், பிறகு இறங்குவது குறையும், கடைசியில் மேலேயே நின்றுவிடும். பொட்டாசியம் குளோரைடை விட்டால் நேர்மாறு: ஏற்றம் குறைந்துகொண்டே வந்து, கீழ்க்கோட்டில் தளர்ந்த நிலையில் இதயம் நின்றுபோகும். பிறகு அந்தத் தாளை வார்னிஷில் முக்கிக் காயவைத்து ரெக்கார்டில் ஒட்டுவோம். இப்போது இவையெல்லாம் கணினித் திரைக்கு மாறிவிட்டன. தவளைகளுக்கு நல்லதுதான், ஆனால் கோடு மேலேயே நின்றுபோனதைக் கண்டு எங்கள் மேசையில் எழுந்த திகைப்பு திரையில் எழுவதில்லை.

கால்சியத்தின் இந்தப் பங்கைக் கண்டறிந்தவர் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த சிட்னி ரிங்கர். உடலுக்கு வெளியே எடுத்த தவளை இதயம் சாதாரண உப்புக் கரைசலிலேயே நன்றாகத் துடிக்கிறது என்று அவர் முதலில் நம்பினார். பிறகுதான் அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல் குழாய்நீரில் தயாராகியிருந்தது தெரியவந்தது. வடிநீரில் தயாரித்தபோது இதயம் சோர்ந்து நின்றது. குழாய்நீரில் கலந்திருந்த சிறிதளவு கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருந்தது. 1883இல் அவர் இதை வெளியிட்டார். இன்றும் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது அவருடைய பெயர்தான்.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசைச் செல்லுக்குள் கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ பத்து மடங்கு உயர்கிறது. அந்தக் கால்சியம் தசை இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இழுக்கச் செய்கிறது. தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதியைச் செல்லுக்குள்ளிருக்கும் சேமிப்பு அறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் செய்யும் புரதப் பம்பு, இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே தள்ள செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. இழைகள் பிடியை விடுவதற்கும் ஏடிபி வேண்டும். சுருங்குவதற்கு மட்டுமல்ல, விடுவதற்கும் ஆற்றல் தேவை. ஆற்றல் அடியோடு தீர்ந்த இதயம் துவண்டுபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது கல்லாக இறுகிவிடும். திறந்த இதய அறுவை சிகிச்சையின் தொடக்கக் காலத்தில், இரத்த ஓட்டமின்றி நீண்ட நேரம் நின்ற சில இதயங்கள் இறுகிய நிலையிலிருந்து மீளாமலே போயின. ஹூஸ்டனைச் சேர்ந்த டென்டன் கூலியும் அவருடைய சகாக்களும் 1972இல் இதைக் 'கல் இதயம்' என்றே விவரித்தார்கள். இதைத் தடுக்க இன்று அறுவை மருத்துவர்கள் செய்வது எங்கள் தவளைப் பாடத்தின் இரண்டாம் பாதிதான்: குளிர்ந்த பொட்டாசியம் கரைசலை, இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி தமனிகளுக்குள் செலுத்தி, இதயத்தைத் தளர்ந்த நிலையில் நிறுத்தி வைக்கிறார்கள். பொட்டாசியத்தால் இதயத்தை நிறுத்தும் முறையை 1955இல் அறிமுகப்படுத்தியவர் டெனிஸ் மெல்ரோஸ். அப்படி நின்ற இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை மிகச் சொற்பம்.

நலமான இதயத்தில் தளர்வு எவ்வளவு வினைமிக்கது என்பதற்கு இன்னொரு சான்று, அதன் சுவரின் அமைப்பு. இடது கீழறையின் உட்புறத் தசை நார்கள் ஒரு திசையிலும் வெளிப்புற நார்கள் எதிர்த் திசையிலும் சுருளாக ஓடுகின்றன. ஆகவே அறை வெறுமனே ஒடுங்குவதில்லை. ஈரத் துணியைப் பிழிவதைப்போல, அடிப்பகுதி ஒரு பக்கமும் நுனி மறுபக்கமும் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கிலும், தசைக்குள் இருக்கும் டைட்டின் என்ற புரதத்திலும் ஆற்றல் தேங்குகிறது. மனித உடலின் மிகப் பெரிய புரதமான டைட்டின் அமுங்கினாலும் நீண்டாலும் தன் நீளத்துக்கே திரும்ப முயலும். சுருக்கம் முடிந்ததும் முறுக்கு சட்டென்று அவிழ்கிறது. கீழறைக்குள் அழுத்தம் சரிந்து, மேலறையிலிருக்கும் இரத்தம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. காலன் சொன்ன இழுப்பு பாதி உண்மையாகிவிட்டது என்று சொன்னால் ஹார்வி கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

எக்கோவில் இரத்தம் பாயும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் திரையைப் பார்த்தால் இது நேராகத் தெரியும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் வழியாக இரத்தம் பாயும் வேகம், ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு முகடுகளாக எழுகிறது. முதல் முகடுக்கு 'ஈ' என்று பெயர். அது தளர்வின் தொடக்கத்தில் நிகழும் வேகமான நிரப்பல். பிறகு இரத்தம் அசையாத ஒரு சிறு இடைவேளை. தளர்வின் இறுதியில் மேலறை சுருங்கி மிச்சத்தை உள்ளே தள்ளும்போது எழுவது 'ஏ' முகடு. இளமையில் ஈ உயரமாகவும் ஏ குட்டையாகவும் இருக்கும், ஏனெனில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட இரத்தம் முதல் வேகத்திலேயே வந்துவிடுகிறது. வயது ஏறும்போதும், நீண்டகால இரத்த அழுத்தத்தால் சுவர் தடிக்கும்போதும் கால்சியத்தைத் திருப்பி அனுப்பும் வேலை மந்தமாகிறது. ஈ சிறுக்கிறது, விட்டுப்போனதை ஈடுகட்ட மேலறை கூடுதலாக உழைப்பதால் ஏ உயர்கிறது. இந்த மாற்றத்தைத்தான் கிரேடு 1 என்கிறார்கள். அறுபதைக் கடந்தவர்களில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அதை மட்டும் வைத்து இதயம் பழுதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை அடுத்த படியில் இருக்கிறது. சுவர் மேலும் விறைத்தால் மேலறையில் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தமே இரத்தத்தை வேகமாக உள்ளே தள்ளும், ஈ மறுபடியும் உயர்ந்து திரையில் இளைஞனின் இதயம்போலத் தோன்றும். பார்வைக்கு நலம், உள்ளே நோய். வால்வின் விளிம்புத் தசை எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைத் தனியே அளந்துதான் இந்த மாறுவேடத்தைக் கலைக்கிறார்கள்.

தளர்வின் பழுது முற்றினால், வெளியேற்றும் சதவீதம் அறுபதுக்கு மேல் இருந்தும் நோயாளி மாடிப்படி ஏறமுடியாமல் மூச்சு வாங்குவார், கால் வீங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகையினர். நிரம்ப இடம் கொடுக்காத அறைக்குள் இரத்தம் செல்லாமல் நுரையீரலில் தேங்குவதே காரணம். இவர்களுக்கு மேலறை தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கினால் நிலைமை சட்டென்று மோசமாகும்: ஏ முகடு அடியோடு மறைந்துவிடும், வேகம் கூடுவதால் நிரம்பும் நேரமும் குறைந்துவிடும். மருத்துவர் முதலில் வேகத்தைக் குறைக்க முனைவது அதனால்தான். சுருக்கம் கெட்ட இதயத்துக்கு உயிர் காக்கும் மருந்துகள் பல வந்த பிறகும், தளர்வு கெட்ட இதயத்துக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து நெடுநாள் இல்லை. சர்க்கரை நோய்க்காக வந்த எம்பாகிளிஃப்லோசின் இவர்கள் மருத்துவமனையில் சேர நேர்வதைக் குறைக்கிறது என்பது 2021இல்தான் உறுதியாயிற்று.

இதுவரை சொன்னது உடலுக்காக இதயம் நிரம்புவதைப் பற்றி. இதயம் தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெறுவதும் பெரும்பாலும் தளர்வில்தான். தவளைக்கு இந்தச் சிக்கல் இல்லை: அதன் கீழறைச் சுவர் பஞ்சுபோல் இடைவெளிகள் நிறைந்தது, உள்ளே வரும் இரத்தமே தசையை நனைத்து ஊட்டிவிடும். நமது இடது கீழறையின் சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமனான அடர்ந்த தசை. அதற்குப் பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே கிளம்பும் இரண்டு கரோனரி தமனிகள் மட்டுமே ஆதாரம். அவை இதயத்தின் வெளிப்பரப்பில் ஓடி, கிளைகளை உள்நோக்கி அனுப்புகின்றன. சுருக்கத்தின்போது இடது கீழறைக்குள் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறுகிறது, பெருந்தமனியிலும் ஏறத்தாழ அதே அழுத்தம். ஆகவே சுவரின் உள்அடுக்கிலுள்ள நுண்குழாய்கள் தசையால் நசுக்கப்பட்டு, அங்கே ஓட்டம் நின்றுவிடுகிறது. தளரும்போது அறைக்குள் அழுத்தம் பத்துக்குக் கீழே இறங்க, பெருந்தமனியில் மட்டும் 80 எஞ்சியிருக்கிறது. அந்த வேறுபாட்டில்தான் இரத்தம் பாய்கிறது. வலது கீழறையில் சுருக்கத்தின்போதும் அழுத்தம் 25தான் என்பதால் அதன் தசைக்கு இரண்டு கட்டங்களிலும் இரத்தம் கிடைத்துவிடுகிறது. மாரடைப்பின் முதல் பாதிப்பு இடது கீழறையின் உள்அடுக்கில் தொடங்குவது தற்செயல் அல்ல.

இதயத்தின் எடை உடல் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. அது எடுத்துக்கொள்ளும் இரத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லி, அதாவது மொத்த ஓட்டத்தில் 5 சதவீதம். அந்த இரத்தத்திலிருந்து ஓய்வு நிலையிலேயே ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிவிடுகிறது. உடலின் சராசரியோ 25 சதவீதம்தான். கூடுதலாக உறிஞ்ச இதயத்துக்கு இனி மிச்சமில்லை, ஓட்டத்தைப் பெருக்குவதே ஒரே வழி. ஓடும்போது தேவை கூடுகிறது, தளரும் நேரமோ குறைகிறது. நல்ல தமனிகள் விரிந்து நான்கைந்து மடங்கு ஓட்டத்தைக் கொடுத்து அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கொழுப்பு படிந்து குறுகிய தமனியால் அது இயலாததால், படியேறும்போது நெஞ்சு பிசைகிறது, நின்றால் அடங்குகிறது. 1960களில் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் இதை வேறு முனையிலிருந்து அணுகினார்: தமனியை விரிக்க முயல்வதைவிட அட்ரினலினைத் தடுத்து இதயத்தின் வேகத்தையும் தேவையையும் குறைத்தால் என்ன? அப்படி வந்த புரோப்ரனலால் மாத்திரை தளரும் நேரத்தையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தது. 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

தளர்வின்போது பெருந்தமனியில் அந்த 80 எப்படி எஞ்சுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. சுருக்கத்தில் வெளியேறும் இரத்தத்தில் ஒரு பங்கு பெருந்தமனியின் சுவரை விரித்து அங்கே தங்கி, வால்வு மூடிய பிறகு சுவர் ஒடுங்கும்போது முன்னோக்கித் தள்ளப்படுகிறது. முதுமையில் சுவரின் நெகிழ்ச்சி போய்விடுவதால் மேல் அழுத்தம் ஏறி, கீழ் அழுத்தம் இறங்குகிறது. 160க்கு 60 என்று வரும் முதியவரின் இரத்த அழுத்தத்தில் எல்லோரும் 160ஐப் பார்த்துக் கவலைப்படுகிறோம், அது நியாயம்தான். ஆனால் அவருடைய இதயம் தன் தசைக்கு இரத்தம் பெற நம்பியிருப்பது அந்த 60ஐ. மேல் எண்ணைக் குறைக்கும் மருந்தின் அளவைக் கூட்டும் முன் மருத்துவர் கீழ் எண்ணையும் பார்த்துத் தயங்குவது இதனால்தான்.

இந்த உடலியங்கியலை அப்படியே ஒரு கருவியாக்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் அட்ரியன் கான்ட்ரோவிட்ஸ். 1967இல் நியூயார்க்கில் அவர் நோயாளிக்குப் பயன்படுத்திய பலூன், தொடைத் தமனி வழியாகப் பெருந்தமனிக்குள் செலுத்தப்பட்டு, இதயம் தளரும் கணத்தில் ஹீலியத்தால் உப்பி கரோனரிகளுக்கு இரத்தத்தைத் தள்ளும். சுருங்கத் தொடங்கும் முன் காலியாகி இதயத்தின் சுமையைக் குறைக்கும். எங்கள் பாடத்தில் இதைவிட அழகான தர்க்கம் கொண்ட கருவி வேறில்லை, வகுப்பில் நான் ஆண்டுதோறும் ஆசையோடு வரைந்து காட்டுவதும் இதைத்தான். ஆனால் மாரடைப்பால் இரத்த அழுத்தம் சரிந்த 600 பேரை வைத்து ஜெர்மனியில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், பலூன் வைத்தவர்களிலும் வைக்காதவர்களிலும் 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம். இரண்டு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இப்போது படத்தை வரைந்து முடித்ததும் அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். மாணவர்கள் கேட்கும் கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.